பித்தளைப் பெட்டியும் ஒரு பெண்ணின் வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பத்திரிகைப் பணி நிமித்தம் டில்லிக்குச் சென்றிருந்தேன். திரும்புவதற்கு முதல்நாள், பழைய டில்லியில் ஜும்மா மசூதியை அண்டிய தெருவொன்றில் பழம்பொருட் கடைக்குள் நுழைந்தேன். அங்கே கண்ணிற்பட்டது ஒரு பித்தளைப் பெட்டி. வட்ட வடிவம், குவிந்த மூடி, முன்புறத்தில் ஒரு கொளுக்கி. நகைப்பெட்டி என்று எண்ணி விலை கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “நகைப்பெட்டி அல்ல ஐயா, இது பான்தான்” என்றார்.

வாங்கி வந்த பெட்டியில் என் மனைவி ஊசி நூலும் பொத்தான்களும் போட்டு வைத்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்த சட்டத்தரணி நண்பர் அதனைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பெட்டியின் பெயரால் ஒரு பெண் லண்டன் வரை வழக்காடி வென்ற கதை தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன். படித்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பான்தான் என்பது வட இந்தியாவிலும் தக்காணத்திலும், குறிப்பாக முஸ்லிம் குடும்பங்களில், புழங்கிய வெற்றிலைப் பெட்டி. மேலே ஒரு தட்டு. அதில் ஈரத்துணியிற் சுற்றிய வெற்றிலை. தட்டைத் தூக்கினால் கீழே மூடியிட்ட சிறு கிண்ணங்கள். ஒன்றில் சுண்ணாம்பு, இன்னொன்றில் கரைத்த காசுக்கட்டி, ஏனையவற்றில் சீவிய பாக்கு, ஏலம், கராம்பு, புகையிலை. நம்மவர் வீடுகளில் இருப்பது வெற்றிலைத் தட்டம். அது திறந்த பாத்திரம். வந்தவர் தாமே எடுத்துப் போட்டுக்கொள்வார். பான்தானோ மூடிய பெட்டி. அதைத் திறப்பவர் வீட்டுத் தலைவி. வெற்றிலையை மடித்துக் கொடுப்பவரும் அவரே. தட்டம் விருந்தினருக்கு உரியது. பான்தான் இல்லத்தரசிக்கு உரியது. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பின்னர் வரும் வழக்கின் உயிர்நாடி அதுதான்.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சிறிது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’ அதன் கலவை விகிதங்களைக் கூறுகிறது. செம்பு இரண்டரைப் பங்குக்குத் துத்தநாகம் ஒரு பங்கு சேர்ந்தால், சூடாக்காமலே அடித்துத் தகடாக்கலாம். செம்பு இரண்டு பங்குக்குத் துத்தநாகம் ஒன்றரைப் பங்கானால் அது வார்ப்புக்கு மட்டுமே உதவும், சுத்தியலைத் தாங்காது. பெட்டியின் உடலை அடித்துச் செய்வதா, வார்த்துச் செய்வதா என்பதை இந்த விகிதமே தீர்மானித்தது.

துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பது எளிதன்று. அது 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். தாதிலிருந்து அதனைப் பிரிக்க அதற்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். எனவே உலையிலிருந்து உலோகம் ஆவியாகவே வெளிவரும். காற்றுப் பட்டால் எரிந்துபோகும். இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள ஸாவர் என்னும் இடத்தில் இதற்கு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவக் களிமண் குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்தார்கள். அந்த உலைகள் 1983ஆம் ஆண்டு அகழ்வில் வெளிப்பட்டன. ஐரோப்பாவில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே ஸாவரில் இத்தொழில் பெருமளவில் நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத். ஷாஜகானின் மகன் முராத்தின் பெயரைத் தாங்கிய ஊர். ‘பித்தளை நகரம்’ என்றே அதனை அழைப்பர். பித்தளைக்கு ஈயம் பூசி, அதன்மேல் கொடியும் பூவும் செதுக்கி, பள்ளங்களில் கரிய அரக்கை நிரப்புவது அவ்வூர்க் கைவேலை. உட்புறத்துக்கும் ஈயம் பூசுவார்கள்; பூசாவிட்டால் களிம்பு ஏறும். ஈயம் தேயத் தேய மீண்டும் பூச வேண்டும். என் பெட்டியின் உள்ளே ஈயம் ஓரங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. நடுவெல்லாம் விரல்களால் தேய்ந்திருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். வட இந்தியாவின் உயர்குடி முஸ்லிம் திருமணங்களில் ‘கர்ச்-இ-பான்தான்’ என்றொரு வழக்கம் இருந்தது. ‘வெற்றிலைப் பெட்டிச் செலவு’ என்பது அதன் நேர்ப்பொருள். மனைவியின் சொந்தச் செலவுக்கென்று மணமகன் வீட்டார் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை அது. மஹர் வேறு, இது வேறு.

1877 ஒக்ரோபர் 25ஆம் திகதி குவாஜா முகம்மது கான் என்பவர் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். தன் மகன் ருஸ்தம் அலி கானை மணக்கவிருந்த ஹுசைனி பேகத்துக்கு மாதம் 500 ரூபா வெற்றிலைப் பெட்டிச் செலவாக என்றென்றும் தருவதாகவும், அதற்குத் தன் சொத்துகளின் வருமானம் பொறுப்பு என்றும் அதில் எழுதினார். மணமக்கள் இருவரும் வயது வராதவர்கள். நவம்பர் 2ஆம் திகதி திருமணம் நடந்தது. 1883இல் அவர் கணவர் வீடு புகுந்தார். 1896இல் பிணக்கு ஏற்பட்டு வெளியேறினார். போய்த் தங்கியது எங்கே தெரியுமா? முராதாபாத்தில்!

நிலுவைத் தொகை கேட்டு மருமகள் மாமனார்மீது வழக்குத் தொடுத்தார். மாமனாரின் வாதம் இரண்டு. ஒப்பந்தத்தில் மருமகள் கையொப்பமிட்ட தரப்பினர் அல்லர். ஆகவே வழக்காட உரிமையில்லை. மேலும், கணவனை விட்டுச் சென்றவளுக்கு இப்பணம் உரியதன்று. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஹுசைனி பேகத்தின் பக்கமே நின்றது. மாமனார் லண்டனில் பிரிவி கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார். நமது நாட்டு வழக்குகளுக்கும் 1971 வரை அதுவே இறுதி மன்று.

1910இல் தீர்ப்பை வழங்கியவர் சையத் அமீர் அலி. அம்மன்றில் அமர்ந்த முதல் இந்தியர். இந்தியாவில் பிள்ளைகளுக்காகப் பெற்றோரே திருமண ஒப்பந்தம் செய்கின்றனர். யாருடைய நன்மைக்காக அது எழுதப்பட்டதோ அவரே வழக்காட முடியாது என்றால் பெரும் அநீதி விளையும் என்றார். ஆங்கிலேயரிடமும் மனைவியின் கைச்செலவுக்குப் பணம் ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் வெற்றிலைப் பெட்டிச் செலவின்மீது கணவனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். கணவன் வீட்டில் தங்கியிருந்தாற்றான் பணம் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இல்லை. மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. இன்றும் இந்தியாவின் சட்ட மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் இவ்வழக்கைப் படிக்கிறார்கள்.

அந்தப் பணத்துக்குப் பெயர் வைத்தவர்கள் ஏன் அரிசிப் பானையையோ சேலைப் பெட்டியையோ தேர்ந்தெடுக்கவில்லை? அரிசி குடும்பத்துக்கு உரியது. சேலையும் குடும்ப மானத்தின் கணக்கில் வந்துவிடும். வெற்றிலைப் பெட்டி ஒன்றுதான் அவளுடையது. அதற்குள் என்ன போகிறது, எவ்வளவு செலவாகிறது என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியற்ற சிறு இடத்தைத்தான் சட்டம் உரிமை என்று ஏற்றுக்கொண்டது.

இதனை எழுதும்போது என் அம்மம்மாவின் நினைவு வருகிறது. அவரிடம் பித்தளைப் பெட்டி இருக்கவில்லை. பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டிதான் இருந்தது. அதை எப்போதும் இடுப்பிற் செருகியிருப்பார். அதற்குள் வெற்றிலை, பாக்கு. அவற்றின் அடியில் சில்லறைக் காசு. தோட்டத்து வருமானம் முழுவதும் அப்புவின் கையில். கொட்டைப்பெட்டிக் காசைப் பற்றி மட்டும் அப்பு ஒருபோதும் கேட்டதில்லை. என் முதலாவது அகராதி அந்தக் காசில் வாங்கப்பட்டது.

டில்லிப் பெட்டியிலிருந்த பொத்தான்களை மனைவி சென்ற மாதம் வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டார். பான்தானுக்குள் இப்போது என்ன வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.