வீடு தந்த நகரமும் தராத நகரமும்

வளமான நகரங்களில் பிள்ளைப்பேறு ஏன் குறைகிறது என்றால் வீட்டுவிலையைத்தான் முதலில் சுட்டுகிறோம். சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் அருகருகே வைத்தால் அந்த விடை தடுமாறுகிறது.

சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு; பெரும்பாலானவை அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகள். ஹாங்காங்கில் பாதிக் குடும்பங்களுக்கே அந்த வாய்ப்பு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஒரே வீட்டைத் தடுப்புகளால் கூறுபோட்ட சிற்றறைகளில் வாழ்கிறார்கள். ஆனால் 2023இல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97, ஹாங்காங்கில் அதற்கும் கீழே; இரண்டுமே ஒன்றைத் தொடவில்லை.

கடந்த காலத்திலும் இதே விந்தை. 1970களில் இரு நகரங்களும் இரண்டு பிள்ளைகளே போதும் என்று பரப்புரை செய்தன. சிங்கப்பூரில் அதைச் செய்தது அரசு. கூடுதலாகப் பிறந்த குழந்தைக்குப் பேறுகாலக் கட்டணத்தையும் உயர்த்தியது. ஹாங்காங்கில் அதைச் செய்தது ஒரு தன்னார்வச் சங்கம். அதன் கையில் இருந்தது அறிவுரை மட்டுமே. கண்டிப்பும் அறிவுரையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. பின்னர் சிங்கப்பூர் 2001இல் குழந்தை போனஸ் வழங்கத் தொடங்கியது. ஹாங்காங் 2023இல், பிறக்கும் குழந்தைக்கு 20,000 ஹாங்காங் டாலர் அறிவித்தது. இந்த ஊக்கத்தொகைகளாலும் சரிவு மீளவில்லை.

இரு நகரங்களுக்கும் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரு நகரங்களிலும் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவரும், முதியவரின் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும் பல வீடுகளில் பிலிப்பீன்ஸ் அல்லது இந்தோனேசியப் பணிப்பெண். ஹாங்காங்கில் அவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கு மேல். பலர் தம் பிள்ளைகளை ஊரில் விட்டு வந்த தாய்மார். பெற்றோரிடம் இல்லாத நேரத்தை இரு நகரங்களும் அவர்களிடமிருந்தே வாங்குகின்றன.

சொந்த வீட்டின் பயன் வெளிப்படுவது முதுமையில். சிங்கப்பூர் முதியவர் 2009 முதல் தம் வீட்டுக் குத்தகையின் எஞ்சிய காலத்தில் ஒரு பகுதியை வீவகவுக்கே விற்று, அதே வீட்டில் வருமானத்தோடு வாழலாம்; பெற்றோருக்கு அருகில் வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 2015 முதல் மானியமும் உண்டு. ஹாங்காங்கோ 2013 முதல், எல்லை தாண்டிச் சீனப் பெருநிலத்தின் குவாங்டொங்கில் குடியேறும் முதியவருக்கு உதவித்தொகையை அங்கேயே தருகிறது. ஒன்று முதுமையை வீட்டில் இருத்துகிறது. மற்றது இடம் தேடி வெளியே செல்ல வழிவிடுகிறது.

ஆக, சொந்த வீடு தொட்டிலை நிரப்பவில்லை; முதுமைக்கு ஊன்றுகோலானது. ஹாங்காங் அந்த அளவிலேனும் சிங்கப்பூரைப் பின்பற்றலாம். தொட்டிலுக்கு வேண்டியது பெற்றோரின் நேரம். சிங்கப்பூரில் 2025 முதல் தந்தையருக்கு நான்கு வார விடுப்பு கட்டாயம். ஹாங்காங்கில் ஐந்தே நாள். நான்கு வாரமும் ஒரு தொடக்கமே. வீட்டுக்காகச் சிங்கப்பூர் காட்டிய பிடிவாதத்தை இரு நகரங்களும் இனிப் பெற்றோரின் வேலைநேரத்தைக் குறைப்பதில் காட்ட வேண்டும்.