கோப்பு, கோப்புறை, அப்பாவின் கண்மாய்க் குறிப்பு

போன மாதம் பேத்தி என் கணினியில் ஏதோ தேடியவள், "என்ன தாத்தா, எல்லாத்தையும் இப்படி வெளியிலேயே கொட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இதைவிட வேறு தலைகுனிவு வேண்டாம்.

நான் 1974-இல் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ந்தபோது முதலில் போட்டது பதிவறையில்தான். உத்தரம் வரை மர அடுக்குகள். ஒவ்வொன்றிலும் நாடா போட்டு இறுக்கிய கட்டுகள். வெளியே வருடமும் எண்களும் எழுதிய சீட்டு. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்காரர் வகுத்த முறை அது. வரும் தபாலுக்கு ந.க. எண், எழுத்தருக்குத் தன்பதிவேடு, வேலை முடிந்த கோப்புக்கு ஒரு முத்திரை. ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். டி.டிஸ் பத்து வருடம், கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒன்று. எதை எத்தனை காலம் வைப்பது என்று கோப்பை மூடும்போதே யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

கோப்பு என்ற சொல்லே கோப்பதிலிருந்து வந்ததுதான். தாளில் துளை போட்டு டேக் கோத்துக் கட்டுகிறோம். அதற்கு முன் ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுவடியாகக் கட்டினார்கள். ஆங்கிலத்து 'பைல்' என்ற சொல்லும் நூல் இழையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அங்கேயும் காகிதத்தைக் கோத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

1981-இல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்றொரு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் திரையில் மேசை, அதன் மேல் தாள், உறை, இழுப்பறை, தபால் வரும் தட்டு, போகும் தட்டு எல்லாம் படங்களாக இருந்தன. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய சாமான்களையே காட்டினால் அவர்கள் பயப்படாமல் தொடுவார்கள் என்பது யோசனை. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதை இன்னும் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1990-இல் விண்டோஸ் 3.0-வில் பைல் மேனேஜர் வந்தது. 1995-இல் எக்ஸ்ப்ளோரர் வந்தது. இன்று நாம் இரண்டு முறை தட்டித் திறக்கிற மஞ்சள் உறை அந்த வழியில் வந்ததுதான்.

அதற்கு முன் எங்களுக்கு வாய்த்தது டாஸ். கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். கோப்பின் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மூன்று எழுத்து. அதற்கு மேல் இடமில்லை. விண்டோஸ் 95 வந்தபின் பெயர் 255 எழுத்து வரை போகலாம் என்றானது. ஆனால் தமிழில் பெயர் வைக்க அப்போதும் வழியில்லை. உள்ளே இருப்பது தமிழ், வெளியே சீட்டில் ஆங்கிலம்.

என் அப்பா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். 1980-இல் அரசு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. எங்கள் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்த மடை யாருக்கு, தண்ணீர் குறைந்தால் எதை முதலில் திறப்பது, கலுங்கு எப்போது செப்பனிட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. 1997-இல் அவரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுதினேன். டவுன்ஹால் ரோடுப் பக்கம் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து பிளாப்பியில் வாங்கிக்கொண்டேன். அச்செடுத்த பிரதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பிளாப்பிதான் இருக்கிறதே என்ற தைரியம். 2003-இல் அப்பா போய்விட்டார்.

பிளாப்பியிலிருந்து சிடி, சிடியிலிருந்து பென் டிரைவ் என்று அந்தக் கோப்பைப் பத்திரமாக நகர்த்திக்கொண்டே வந்தேன். ஓய்வு பெற்றபின் ஒருநாள் திறந்தால், உறை திறந்தது, கோப்பும் திறந்தது, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. கொம்பும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன.

காரணம் இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் தமிழை அடக்கின. எந்த எழுத்து எந்த இடம் என்பதை எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக வைத்தார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் உள்ளே இருப்பது வெறும் எண் வரிசை.

பெரிய காரியம் செய்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சங்கம் வளர்த்த ஊர் என்பதால் நம் ஊர்ப் பெயர். முதல் நூல் திருக்குறள். தொடக்கத்தில் மயிலை எழுத்துரு, பிறகு திஸ்கி என்ற பொதுக் குறியீடு, அதன்பின் யூனிகோடு. நூல்களை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000-இல் அது நம் கணினிக்குள் வந்தது. தமிழக அரசு 2010-இல் ஏற்றது. இப்போது உறைக்கும் கோப்புக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

அப்பாவின் கோப்பு பல வருடம் அப்படியே கிடந்தது. போன மாதம் பேத்தியிடம் சொன்னேன். எழுத்துரு மாற்றும் நிரலி ஒன்றைத் திறந்து, அதில் இருந்த பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். "எப்படித் தாத்தா ஆரம்பிக்கும்?" என்றாள். "உ" என்று பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் கண்மாயின் பெயர் என்றேன். ஒன்பதாவதோ பத்தாவதோ தடவை கண்மாயின் பெயர் திரையில் வந்தது. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சில இடங்களில் ஒற்று விழுந்திருக்கிறது, சில எண்கள் கெட்டிருக்கின்றன. மடைகளின் வரிசை முழுசாகக் கிடைத்துவிட்டது.

உங்கள் கணினியிலும் 2000-க்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இருக்கும். படம் தெரிகிறது, பெயர் தெரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். ஒருதரம் திறந்து படித்துப் பாருங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமானதைத் தாளிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எதை நிரந்தரமாக வைப்பது என்று கணினி கேட்காது, நாம்தான் முத்திரை போட வேண்டும்.

பேத்தி புதிதாக ஒரு கோப்புறை போட்டுக் கொடுத்திருக்கிறாள். 'அப்பா கண்மாய்' என்று பெயர் வைத்தேன். அகர வரிசையில் அதுதான் முதலில் நிற்கிறது. அச்செடுத்த பிரதிக்கு டேக் போட்டு, மேலே 'ஆர்.டிஸ்' என்று எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.