இணை தேடிய கூண்டு

புறா வளர்ப்போர் அறிந்த எளிய முறை ஒன்றுண்டு. பருவமடைந்த ஆணையும் பெண்ணையும் அமைதியான ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கூடு கட்டத் துரும்பும் தின்னத் தானியமும் அளித்து, பூனை அணுகாது காத்தால், சில வாரங்களில் இரண்டு முட்டைகள் காணப்படும். ஏறக்குறைய 18 நாட்களில் குஞ்சும் பொரிக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனை அண்டி வாழ்ந்த மாடப்புறாவுக்கு இம்முறை போதும். ஆனால், அதன் உறவினமாகிய வட அமெரிக்கப் பயணப்புறாவிடம் இது பலிக்கவில்லை.

ஐரோப்பியர் அங்கு குடியேறிய காலத்தில் பயணப்புறாக்கள் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்தன என மதிப்பிடப்படுகின்றது. அவை கூட்டங்கூட்டமாகக் காடுகளில் இறங்கி, ஏககாலத்தில் கூடு கட்டின. 1871ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தில் அமைந்த கூடுகள் 850 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடந்தன. ஆயினும், ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டைதான். பருந்தும் நரியும் எவ்வளவு தின்றாலும் தின்று தீராத பெருந்திரளே அவ்வொற்றை முட்டைக்குக் காவல்.

1857ஆம் ஆண்டில் ஒகாயோ மாநில மேற்சபைக் குழுவொன்று, இப்பறவை வியக்கத்தக்க விதமாகப் பெருகுவது, இதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டியதில்லை என அறிக்கை செய்தது. கூட்டத்தைக் கண்டவர்கள் கூட்டினுள் எட்டிப் பார்க்கவில்லை போலும்! புறாக்கள் இறங்கிய இடத்தைத் தந்தி அறிவித்தது, வேட்டைக்காரர் விரைந்தனர், கொன்ற பறவைகளைப் பீப்பாய்களில் அடைத்துப் புகைவண்டிகள் நகரங்களுக்குக் கொண்டு சென்றன. வேட்டை பெரும்பாலும் கூடு கட்டிய இடங்களிலேயே நடந்தது. தாய்ப்பறவைகள் வலையில் வீழ்ந்தன. கொழுத்த குஞ்சுகள் கழியினால் தட்டி வீழ்த்தப்பட்டன. இவ்வாறு ஆண்டுதோறும் ஒரு தலைமுறை அற்றுப்போயிற்று.

பின்னரே காக்கும் எண்ணம் பிறந்தது. மில்வோக்கி நகரில் ஒருவர் 1888ஆம் ஆண்டளவில் பிடிக்கப்பட்ட சில பறவைகளை வளர்த்தார். கூண்டில் அவை முட்டையே இடவில்லை எனச் சிலர் கருதுவது தவறு. அங்கு அவை ஓரளவு பெருகவும் செய்தன. அவற்றுட் சிலவற்றைப் பெற்றவர், சிக்காகோ பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் சார்ள்ஸ் ஒற்றிஸ் விற்மன். முட்டைகளை அடைகாக்க அவர் வேறினப் புறாக்களைச் செவிலித்தாயராக அமர்த்தினார். பயன் சிறிது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்த சந்ததி நாளடைவில் நலிந்தது. வேறினத்தோடு கலந்து பிறந்தவை மலடாயின.

1902ஆம் ஆண்டில் விற்மன் பெட்டைப் புறா ஒன்றைச் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அதுவே மார்த்தா. அந்நகரம் பாதுகாப்பை மறுத்த அதே ஒகாயோ மாநிலத்தில் உள்ளது. 1909ஆம் ஆண்டில் அங்கு எஞ்சியவை மார்த்தாவும் இரு ஆண்களுமே. அவ்வாண்டே ஓர் ஆண் இறந்தது. மற்றொன்று 1910 யூலையில் மடிந்தது. இணையொன்றைக் கொணர்வோர்க்கு ஆயிரம் டொலர் பரிசு என அறிவித்தனர். சிலர் வேறினப் புறாக்களைக் காட்டி ஏமாந்தனர்; பரிசைப் பெற்றவர் எவருமிலர்.

மார்த்தா கருவுள்ள முட்டை ஒன்றேனும் இடவில்லை. பக்கவாதத்தால் தளர்ந்த அதற்குத் தாழ்வான தங்குதடி அமைத்தனர். அசையாதிருந்த முதிய பறவையை அசைத்துப் பார்க்க, காண வந்தோர் மணலை அள்ளி வீசினர். கூண்டைச் சுற்றிக் கயிறு கட்ட நேர்ந்தது. 1914 செப்டெம்பர் 1ஆம் நாள் அது கூண்டின் தரையில் இறந்து கிடந்தது. முந்நூறு இறாத்தல் பனிக்கட்டியில் உறையவைத்து, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு அதனைப் புகைவண்டியில் அனுப்பினர்.