மொழிபெயர்க்காதவர் யார்? ஆங்கில எழுத்துத்திறன் ஆய்வுகளில் ஒரு கூற்றின் நிலை

கல்லூரி மாணவரின் ஆங்கில எழுத்துத்திறனை அவர்கள் கையாளும் உத்திகளோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வுகளில் பல, ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு 1990-இல் வெளியிட்ட, மொழி கற்கும் உத்திகள் குறித்த வினாப்பட்டியலையோ அதிலிருந்து கிளைத்த ஒன்றையோ சார்ந்தவை. அதன் 50 கூற்றுகளுக்கும் மாணவர் 1 முதல் 5 வரை எண் இடுகிறார். சராசரி 3.5-ஐ எட்டினால் அவர் உத்திகளை மிகுதியாகப் பயன்படுத்துபவர். சராசரி உயர எழுத்துத்திறனும் உயர்கிறது என்பது அடிக்கடி எட்டப்படும் முடிவு. வீரகேரளம்புதூர் வட்டத்திலிருந்து சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு வரும் தமிழ்வழி மாணவரிடம் இம்முடிவு செல்லுமா என்பது ஐயத்துக்குரியது. ஐயத்தின் மையம் 22ஆம் கூற்று.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதிருக்க முயல்கிறாரா என்பதே அக்கூற்று மாணவரிடம் கேட்பது. 5 இடுபவர் தேர்ந்த கற்பவராகக் கொள்ளப்படுகிறார். ஆங்கிலத்திலேயே நேராக எழுதக்கூடியவர் 5 இடுவார். அதில் சிக்கல் இல்லை. ஆனால் கைடிலுள்ள கட்டுரையை மனப்பாடம் செய்து அப்படியே விடைத்தாளில் இறக்குபவரும் 5 இடலாம், அதுவும் பொய் சொல்லாமல். அவர் வாக்கியம் எதையும் அமைப்பதில்லை. ஆகவே மொழிபெயர்க்கவும் அவருக்கு எதுவும் இல்லை. மாறாக, தான் சொல்ல நினைத்ததைத் தமிழில் வகுத்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலச் சொற்களால் தட்டுத்தடுமாறி எழுதுபவர் 1 அல்லது 2 இடுவார். மூவரில் உண்மையாக எழுத முயலும் இருவரில் ஒருவரைக் கூற்று கீழே தள்ளுகிறது. எழுதவே முயலாதவரை மேலே ஏற்றுகிறது.

எழுத்துத்திறனுக்குப் பருவத்தேர்வு மதிப்பெண்ணை அளவாகக் கொள்ளும்போது நிலைமை மேலும் மோசமாகிறது. பகுதி இரண்டு ஆங்கிலத் தாளின் கட்டுரை வினாக்கள் பாடநூலை ஒட்டியவை. மனப்பாடம் அங்கே நல்ல மதிப்பெண் பெற்றுத் தரும். எனவே வினாப்பட்டியலிலும் மதிப்பெண்ணிலும் ஒரே மாணவர் உயர்கிறார். இரண்டுக்கும் இடையே கிடைக்கும் ஒட்டுறவு, உத்தியும் திறனும் சேர்ந்து வளர்வதைக் காட்டுவதாக இருக்கலாம். மனப்பாடம் இரு பக்கமும் பதித்த தடமாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

தாய்மொழி வழியாக எழுதுவது தாழ்ந்த உத்தி என்ற முற்கோளும் சான்றுக்கு முன் நிற்பதில்லை. கோபயாஷி, ரின்னர்ட் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் 48 ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர் ஒரு கட்டுரையை நேராக ஆங்கிலத்திலும், மற்றொன்றை முதலில் ஜப்பானிய மொழியில் எழுதிப் பின் ஆங்கிலமாக்கியும் அளித்தனர். மொழிபெயர்ப்பு வழி வந்தவை கருத்திலும் அமைப்பிலும் மேம்பட்டிருந்தன. அதிகப் பயன் பெற்றவர் ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களே. ஜப்பானியமும் தமிழைப் போல வினையை இறுதியில் வைக்கும் மொழி என்பதால் இம்முடிவு இங்கே புறக்கணிக்கத்தக்கதன்று. அது தமிழ் மாணவருக்கும் முழுதாகப் பொருந்தும் என்று சொல்ல, நேரடிச் சோதனை வேண்டும்.

கூற்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை மட்டுமே விலக்குகிறது, தமிழில் சிந்திப்பதை அன்று என மறுக்கலாம். வலுவான மறுப்புதான். ஆயினும் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்குபவர் சொல்வரிசையை மாற்றியே ஆக வேண்டும். தாம் செய்வது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பா இல்லையா என்பதை ஒரு முதலாண்டு மாணவர் வகுப்பறையில் சில நொடிகளில் தீர்மானிப்பார் என எதிர்பார்ப்பது மிகை. ஐம்பதில் ஒரு கூற்று சராசரியை அசைக்காது என்ற வாதம் இதைவிட மெலிந்தது. எழுத்தைத் தொடும் கூற்றுகளை மட்டும் பிரித்தெடுத்தால் அவை ஒரு சிலவே; அப்போது 22ஆம் கூற்றின் எடை கூடிவிடும்.

இச்சிக்கலை மற்றொரு வினாப்பட்டியல் தீர்க்காது; மாணவர் எழுதுவதையே நேராகக் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. சாண்ட்ரா பெர்ல் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஐந்தே மாணவரைக் கொண்டது. எழுதும்போதே மனத்தில் ஓடுவதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். கருத்து உருவாகும் முன்பே பிழைதிருத்தத் தொடங்கி அவர்கள் எழுத்தின் ஓட்டத்தை முறித்துக்கொண்டது அதில் வெளிப்பட்டது. சுரண்டையிலோ தென்காசியிலோ இத்தகைய ஆய்வு நடக்குமானால், கைடில் இல்லாத தலைப்பு, தமிழில் குறிப்பெழுத இசைவு தரும் வரைவுத்தாள், தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லும் உரிமை ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். அடித்தல் திருத்தல்களோடு அந்த வரைவுத்தாள்களும் இறுதிக் கட்டுரையும் அருகருகே வைத்துப் படிக்கப்பட வேண்டும்.