சன்ஷேடில் நீர் தேங்குதல்

சன்னல், வாசல்களுக்கு மேலே சுவரிலிருந்து ஒன்றரை முதல் 2 அடி வரை வெளியே நீளும் மெல்லிய கான்கிரீட் பலகை சன்ஷேடு. பெரும்பாலும் லிண்டலோடு, அதாவது திறப்பின் மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரத்தோடு, சேர்த்தே வார்க்கப்படும். இதன் மேல் மழைநீர் வடியாமல் நிற்பது தமிழ்நாட்டு வீடுகளில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழையின்போது, அடிக்கடி காணும் கோளாறு.

முதல் காரணம் வாட்டம் இல்லாமை. மொட்டைமாடிக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கிறவர்களும், கீழிருந்து யாருக்கும் தெரியாத சன்ஷேடின் மேல்பூச்சை அவசரமாக முடித்துவிடுவதுண்டு. சருகும் உதிர்ந்த கலவையும் சேர்ந்தால் தேக்கம் கூடும். ஏசியின் வடிகுழாயை அதன்மேலேயே விட்டிருந்தால் கோடையிலும் ஈரம் காயாது.

உட்சுவரில் லிண்டல் மட்டத்தில் பெயின்ட் உப்பி உதிர்வது வெளியே தெரியும் அறிகுறி. உள்ளே நடப்பதுதான் மோசம். ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ள பலகை என்பதால் இதன் முக்கியக் கம்பிகள் மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கும். தண்ணீர் நிற்பதும் அங்கேதான். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை அந்த விரிசலில் வேர்பிடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இவ்வளவு தண்ணீரே போதும்.

வாட்டம் சரியில்லாத இடத்தில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் மட்டும் அடிப்பது வீண்செலவு. ஊறி ஊறி உரிந்துவிடும். ஓட்டை போட்டு நீரை இறக்குவது அதைவிடத் தவறு, சொட்டு சன்னல்மேலேயே விழும். ஒரு வாளி நீர் ஊற்றி எங்கே நிற்கிறது என்று பார்த்து, பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். அதன்மேலேயே புதுக்கலவை போட்டால் பாரம் கூடும்: ஓர் அங்குலக் கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. சன்ஷேடில் ஏறி நிற்காமல் சாரம் கட்டியே வேலை செய்ய வேண்டும்.

சுத்தம் செய்த பரப்பை நனைத்து, சிமெண்ட் பால் தடவி, நீர்க்காப்பு மருந்து கலந்த 1:3 கலவையை 2 அடிக்கு அரை அங்குலம் வெளிப்பக்கம் இறங்கும்படி பூசுவர். சுவர் சேரும் மூலையைச் சரிவாக அடைப்பதும், நீர் சுவருக்குத் திரும்பாதபடி அடிவிளிம்பில் பள்ளக்கோடு இழுப்பதும் அவசியம். பிறகு 7 நாளாவது நனைத்துவர வேண்டும். கம்பி தெரியுமளவு கான்கிரீட் உதிர்ந்திருந்தால் பூச்சுவேலை உதவாது. பொறியாளரிடம் காட்டி, தேவையானால் இடித்து வார்க்க வேண்டியதுதான்.