தொடை வழியே இருதயத்துக்கு

திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர் பெரம்பூரைக் கடந்தே செல்லவேண்டும். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ஆம் ஆண்டில் டாக்டர் கே. எம். செரியன், இருதய இரத்தக்குழாய் அடைப்புக்கு மாற்றுவழி அமைக்கும் ரண சிகிச்சையை இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றியுடன் செய்தார். பிற்காலத்தில் நம் கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூரில் மருத்துவ விஞ்ஞானப் பூங்கா ஒன்றை உருவாக்க முனைந்தவரும் அவரே. அவர் கத்தி எடுத்த நாளில், இருதய ரண சிகிச்சை என்றால் நெஞ்செலும்பை அறுத்துத் திறப்பது என்றே பொருள். முதியோரைப் பொறுத்தவரை அந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

மாணவர்களே, இருதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் செல்லும் வாயிலில் மூன்று மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடி 78 லட்சம் தடவை அது திறந்து மூடுகிறது. எழுபது, எண்பது ஆண்டுகள் உழைத்தபின் சிலருக்கு அவ்விதழ்களில் சுண்ணாம்பு படிந்து வாயில் குறுகிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மார்பு வலிக்கும், மயக்கம் வரும். வீட்டிலுள்ளோர், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். ஆனால், இவ்வறிகுறிகள் தோன்றியபின் சிகிச்சையின்றிச் சில ஆண்டுகளுக்குமேல் பிழைத்திருப்போர் குறைவு.

1960-ல் அமெரிக்காவில் செயற்கை வால்வு பொருத்தும் முறை வெற்றி கண்டது. நம் நாட்டில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர், மூன்று மாதிரிகள் பயன்படாமற்போக, நான்காவதை 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தினர். பெருஞ்சாதனைதான். ஆயினும் அதற்கும் நெஞ்சைத் திறக்கவேண்டும். இருதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கவேண்டும். தளர்ந்த உடல் அதைத் தாங்காது என்று திருப்பியனுப்பப்பட்ட முதியோர் எந்நாட்டிலும் இருந்தனர்.

இனி வருவது இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் என்னும் இளம் டாக்டர், இரத்தக்குழாயினுள் கம்பி வலையைப் பலூனால் விரித்துப் பதிப்பது பற்றிய ஓர் உரையைக் கேட்டார். அவ்வலைக்குள் ஒரு வால்வையே தைத்துவிட்டால் என்ன? கறிக்கடையில் பன்றி இருதயங்களை வாங்கினார். கம்பியைத் தம் கையாலேயே வளைத்தார். வால்வை அதனுள் தைத்துப் பலூன்மீது சுருக்கி, 1989 மே 1 அன்று உயிருள்ள பன்றி ஒன்றுக்குப் பொருத்தினார். கம்பியோடும் பட்டறையோடும் வளர்கிற நம் தொழிற்பேட்டைப் பிள்ளைகள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். விஞ்ஞானப் பத்திரிகைகள்தாம் தயங்கின. அவர் கட்டுரை 1992-ல்தான் அச்சேறியது.

பிரான்ஸின் ரூவான் நகரத்து டாக்டர் அலென் கிரிபியே 1985-லேயே குறுகிய வால்வைப் பலூனால் விரித்துப் பார்த்தவர். விரிந்த வாயில் சில மாதங்களில் மீண்டும் குறுகிற்று. ஆகவே அவரும் வலைக்குள் வால்வு என்ற வழிக்கே வந்தார். 2002 ஏப்ரல் 16 அன்று அவரிடம் வந்தவர் 57 வயதினர். முதியவரல்லர், ஆயினும் ரண சிகிச்சை நிபுணர்கள் கைவிட்டவர். கால் தமனிகள் அடைபட்டிருந்தமையால் கிரிபியே தொடைச் சிரை வழியே சென்று, இருதய மேலறைகளின் நடுச்சுவரைத் துளைத்து, மாட்டின் இருதய உறையால் செய்த வால்வைப் பொருத்தினார். நெஞ்சு திறக்கப்படவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் நோயாளி இறந்தது கால் நோயின் சிக்கலால், வால்வினால் அன்று.

2010-ல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. ரண சிகிச்சை இயலாது எனப்பட்ட 358 பேர். சராசரி வயது 83. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 50.7 பேர் ஓராண்டில் மாண்டனர்; புதுமுறையில் வால்வு பெற்றோருள் 30.7 பேர். 2018-ல் நம் நாட்டிலேயே செய்த இத்தகைய வால்வுக்கு அரசு அனுமதி கிடைத்தது. அதைச் செய்த மெரில் நிறுவனம் குஜராத்தின் வாபியில் இருக்கிறது. அதுவும் கும்மிடிப்பூண்டியைப் போன்றதொரு தொழில் நகரமே.

இம்முறையிலும் பக்கவாத அபாயம் உண்டு. சிலருக்குத் துடிப்புக் கருவியும் வைக்கவேண்டி வரும். விலையோ பல லட்சம் ரூபாய். உருக்காலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்றவருக்கு அதை எட்டச்செய்வது, வால்வைக் கண்டுபிடித்ததைவிடக் கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. திசுவால் ஆன வால்வு காலப்போக்கில் தேயும் என்பதும் உண்மை. ஆதலால், வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளைஞர்களுக்கு இன்றும் பெரும்பாலும் நெஞ்சைத் திறந்தே, வலியத்தான் குழுவினர் செய்ததைப் போன்ற செயற்கை வால்வைப் பொருத்துகிறார்கள்.