புல்லுக்கு ஒரு பாய்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பள்ளியின் விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. திடலோ நனைந்து ஊறிக் கிடந்தது. "இந்த வாரம் வேண்டாம் ஐயா, புல் போய்விடும்" என்றார் தோட்டக்காரர். நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து ஓட்டப் பயிற்சி நடத்தினேன். போட்டி நாளன்று ஓடுபாதையில் சேறுதான் எஞ்சியிருந்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வழுக்கி விழுந்ததைப் பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் புல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தபோது அறிந்துகொண்ட வரலாறு ஒன்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் எனும் சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள 'ஓல்ட் கோர்ஸ்' திடலைக் கோல்ஃப் ஆட்டத்தின் தாய்வீடு என்பார்கள். 150ஆவது ஓப்பன் போட்டி 2022ஆம் ஆண்டில் அங்குதான் நடைபெற்றது. அத்தகைய புகழ்பெற்ற திடலில், நவம்பர் முதல் மார்ச் வரை ஆடுவோர் கையில் ஒரு சிறு பாயைக் கொண்டுசெல்ல வேண்டும். செயற்கைப் புல்லால் ஆன பாய் அது. குட்டையாக வெட்டப்பட்ட நடுப்புல்வெளியில் பந்து விழுந்தால், அதை எடுத்துப் பாயின்மேல் வைத்து அடிக்க வேண்டும். அடித்த பின் பாயை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இரும்பு மட்டையை வீசும்போது பந்தோடு சேர்ந்து ஒரு கைப்பிடிப் புல்லும் மண்ணும் பெயர்ந்து வரும். கோடையில் அந்தக் காயம் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் அங்கே டிசம்பர் மாதத்துப் பகல் ஏறத்தாழ 7 மணி நேரமே. மண்ணின் வெப்பநிலை 5, 6 பாகைக்குக் கீழே இறங்கினால் புல் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்போது பெயர்ந்த இடம் வசந்தம் வரும்வரை புண்ணாகவே கிடக்கும். பாய் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் காயத்தின் கதையில் நம் நாட்டு மரம் ஒன்றும் வருகிறது. அதுதான் என்னை வியக்க வைத்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோல்ஃப் பந்து என்பது இறகுகளைத் திணித்துத் தைத்த தோல் பந்து. விலை மிகுதி. இரும்பு மட்டை பட்டால் எளிதில் கிழிந்துவிடும். எனவே பெரும்பாலும் மர மட்டையால்தான் அடித்தார்கள். 1840களில் சிங்கப்பூரிலிருந்து ஒரு மரப்பாலின் மாதிரி லண்டனுக்குச் சென்றது. மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் அது. கெட்டாபெர்ச்சா என்பது அதன் பெயர். 'கெத்தா' எனும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1848 அளவில் அதனால் செய்த பந்துகள் ஸ்காட்லாந்தில் புழக்கத்திற்கு வந்தன.

புதிய பந்து மலிவானது. இரும்பு அடியையும் தாங்கியது. ஆகவே ஆடுவோர் பெருகினர். இரும்பு மட்டைகளும் பெருகின. புல்வெளியின் காயங்களும் பெருகின. இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சனுக்கும் அவரிடம் வேலை பார்த்த டாம் மோரிசுக்கும் இந்தப் பந்தினால் மனக்கசப்பு உண்டாகி, மோரிஸ் 1851இல் வேறூர் சென்றார்.

அதே மோரிஸ்தான் 1860களின் நடுவில் திரும்பி வந்து, 1903 வரை ஓல்ட் கோர்ஸ் திடலின் காப்பாளராக இருந்தார். புல்லின்மேல் மணலைத் தூவித் தூவி அதைத் தேற்றியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திற்கும் அவர் இடம் தரவில்லை. இன்றும் சில பெரிய போட்டிகள் நீங்கலாக ஞாயிறுதோறும் அங்கே ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்வெளியில் உலாவுகிறார்கள்.

உலாவ அவர்களுக்கு உரிமை உண்டு. அது பொது நிலம். 1552ஆம் ஆண்டுச் சாசனமே அங்கு விளையாடும் உரிமையை மக்களுக்கு உறுதி செய்தது. 1797இல் பண நெருக்கடியில் சிக்கிய நகர மன்றம் அந்நிலத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னர் அது முயல் வளர்க்கும் வணிகர்களிடம் போனது. வழக்கும் சச்சரவுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்பவர் அதை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி நிலம் மீண்டும் நகரத்திற்கே வந்து சேர்ந்தது. இழந்து மீட்ட நிலம் என்பதால்தானோ என்னவோ, ஒரு பிடிப் புல்லுக்குக்கூட அங்கே காவல் இருக்கிறது.

ஆனால் தாபான் மரத்திற்கு அத்தகைய காவல் இல்லை. அதன் பாலை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். பந்தைவிடப் பன்மடங்காக, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அந்தப் பால் தேவைப்பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் காடுகளில் அம்மரம் அரிதாகிவிட்டது.

நம் முன்னோர் வெட்டிய இரப்பர் மரத்தின் கதை வேறு. என் தந்தையார் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் வெட்டிய மரத்தை மறுநாள் தொடமாட்டார்கள். "கத்தி பட்டைக்குள்தான் போகணும், கட்டையைத் தொடக்கூடாது" என்பார் அவர். பட்டை மீண்டும் வளர்ந்தால்தான் அடுத்த ஆண்டும் பால் வரும். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இது தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற எனக்குத் திடலில் நின்றபோது தெரியவில்லை.

வள்ளுவர் பொறுமைக்கு நிலத்தையே உவமையாகக் காட்டினார். ஆயினும், பொறுத்துக்கொள்கிறது என்பதற்காக அதன்மேல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. நிலம் ஆறுவதற்கும் ஒரு பருவம் வேண்டும்.

இவ்வாண்டு மழை தொடங்கியதும் தோட்டக்காரரிடம் சென்று, எத்தனை நாள் திடலை மூட வேண்டும் என்று நானே கேட்டேன். "மூன்று வாரம் கொடுங்கள் ஐயா" என்றார். பயிற்சியை மண்டபத்திற்கு மாற்றிவிட்டோம். பெற்றோர் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். அவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்